குடி வேறு என்றால் தலசீமியா வராதா? மச்சாளுடன் பேசிய கலியாணமும் தங்கையின் இரத்தப் பரிசோதனையும்

கேள்வி: களுவாஞ்சிகுடியான்

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமாவின் மகளை எனக்குச் செய்வதென்று இரு வீட்டாரும் பேசி முடித்திருக்கிறார்கள். வரும் ஆவணியில் கலியாண எழுத்து (பதிவு). இந்த நேரத்தில் தங்கையின் இரத்தப் பரிசோதனை ஒன்றால் வீட்டில் குழப்பம் உண்டாகியிருப்பதால், விடயம் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

தங்கை உயர்தரம் படிக்கிறாள். அடிக்கடி களைப்பு என்றதால் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் காட்டினோம். ஹீமோகுளோபின் 10.1 என்று வந்தது. இரும்புக் குளிசை தந்தார்கள். மூன்று மாதம் தவறாமல் போட்டும் 10.1 அப்படியே நின்றது, குளிசையை மட்டும் இன்னும் வலுவானதாக மாற்றித் தந்தார்கள். பிறகு வேறொரு மருத்துவர் பழைய அறிக்கையை வாங்கிப் பார்த்து, அதில் எம்.சி.வி. 63 என்று இருந்த இடத்தைப் பேனையால் வட்டமிட்டு, "இதை யாரும் பார்க்கவில்லையா?" என்று கேட்டுவிட்டு, ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 5.3 வீதம் என்று வந்தது. தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதியளவு உண்டாகாத பரம்பரை இரத்தநோய் என்றும், தங்கை பீற்றா தலசீமியாக் காவி, அதாவது குறையுள்ள பரம்பரையலகில் (ஜீனில்) ஒரு பிரதியை மட்டும் சுமப்பவள், நோயாளி அல்ல என்றும் விளக்கினார். உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார்.

நான் என் கலியாணப் பேச்சைச் சொன்னபோது அம்மம்மா கேட்ட கேள்விக்குத்தான் என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. (எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வரும் குலம்; ஒரே குடிக்குள் கட்டமாட்டார்கள்.) "நாம் ஒரு குடி, மாமாவின் மகள் அவளுடைய தாயின் குடி. குடி மாறித்தானே கட்டுகிறோம்? ஒரே இரத்தம் சேரக்கூடாது என்றுதானே முன்னோர்கள் குடி பார்த்தார்கள்?" என்கிறார். இது அறிவியல்படி சரியா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த நோய் உள்ள ஒரு சிறுவனுக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றுகிறார்கள். அதே நோய்தான் என்று சொல்லப்படும் ஓர் அக்காவோ முப்பது வயது கடந்தும் வாழ்நாளில் இரண்டு மூன்று தடவைதான் ஏற்றியிருக்கிறார். டேவிட் வெதறோல் என்ற ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் குருநாகலில் இந்த வேறுபாட்டைத்தான் ஆராய்ந்தார் என்று எங்கோ வாசித்தேன். அவர் கண்டுபிடித்தது என்னவென்று எளிய தமிழில் யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி 1: ஆய்வுகூடக்காரன், மட்டக்களப்பு

தம்பி, நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக நீண்ட காலம் வேலை பார்த்தவன். உங்கள் தங்கைக்கு நடந்தது புதிதல்ல. இரும்புக் குறைபாட்டிலும் தலசீமியாக் காவியிலும் செங்குழியம் சிறுத்துத்தான் இருக்கும், எம்.சி.வி. என்பது அந்தக் குழியத்தின் சராசரிப் பருமன். சாதாரணமாக அது 80க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய அறிக்கையிலேயே ஒரு தடயம் கிடக்கும். இரும்பு குறைந்தவரில் குழியங்களின் எண்ணிக்கையும் குறையும். காவியிலோ குழியம் சிறிதானாலும் எண்ணிக்கை கூடியிருக்கும். எம்.சி.வி.யை மில்லியனில் தந்துள்ள செங்குழிய எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். விடை 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும். தங்கையின் எண்ணிக்கை 5.6 என்று வைத்தால் 63ஐ அதனால் வகுக்க 11.25 வரும். இது சந்தேகத்தை எழுப்பும் கணக்கு மட்டுமே, முடிவு சொல்லும் பரிசோதனை அல்ல.

முடிவு சொல்வது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை. ஊதா மூடிக் குழாயில் எடுத்த சிறிதளவு இரத்தம் போதும். ஹீமோகுளோபின் ஏ2 3.5 வீதத்துக்கு மேல் இருந்தால் பீற்றா தலசீமியாக் காவி என்று கொள்வோம். அறிக்கையின் வரைபடத்தில் அந்த இடத்திலேயே 25, 30 வீதம் என்று பெரிய கூம்பு எழுந்தால் அது ஏ2 அல்ல, ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட வகை. பொறியில் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியேறுவதால் புதியவர்கள் தடுமாறுவார்கள். கடுமையான இரும்புக் குறைபாடு சேர்ந்திருந்தால் ஏ2 சற்று இறங்கிக் காவியை மறைத்துவிடக் கூடும் என்பதால், இரும்பையும் கூடவே பார்ப்போம்.

இனி உங்கள் கலியாணத்துக்கு வருவோம். தங்கை காவி என்றால் பெற்றோரில் ஒருவராவது காவி. எனவே நீங்கள் காவியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அது அம்மாவிடமிருந்து வந்திருந்தால் மாமாவுக்கு இரண்டில் ஒன்று, மச்சாளுக்கு நான்கில் ஒன்று. அப்பாவிடமிருந்து வந்திருந்தால் மாமாவின் வீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஊரில் வேறு எவருக்கும் உள்ள வாய்ப்புத்தான் மச்சாளுக்கும். ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுக்கொண்டிருப்பதிலும் பார்க்க, நீங்கள் போய்க் கையை நீட்டுவது இலகு. நீங்கள் காவி இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிகிறது. காவி என்றால் மச்சாளையும் பார்க்க வேண்டும். இருவரும் காவியானால் மட்டுமே ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு வரும். முதற்பிள்ளை நோயோடு பிறந்தால் அடுத்த மூன்றும் தப்பும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஒவ்வொரு கருவுக்கும் புதிதாகக் காசு சுண்டப்படுகிறது.

கலியாணத்துக்கு முன்பே பாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கருவில் நோயைக் கண்டறியும் முறை உலகில் இருக்கிறது. ஆனால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக்கு இடமில்லை.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், அக்கரைப்பற்று

தம்பியின் அம்மம்மா கேட்ட கேள்வி அருமையான கேள்வி. குடிமுறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. இங்கே முஸ்லிம்களாகிய நாங்களும் தாய்வழிக் குடி பார்ப்பவர்கள்தாம். உங்கள் கோயில்களில் வண்ணக்கர் என்ற அறங்காவலர் எப்படிக் குடிவழி வருகிறாரோ, அப்படியே எங்கள் பள்ளிவாசல்களில் நிருவாகிகளான மரைக்காயர்மார் குடிவழி வந்தார்கள். எனவே இதைக் குறைசொல்லும் நோக்கில் நான் எழுதவில்லை.

உங்கள் பூட்டன் பூட்டியரை எண்ணிப் பாருங்கள், எட்டுப் பேர். அவர்களில் குடி கணக்கிலெடுப்பது ஒரே ஒருவரைத்தான்: தாயின் தாயின் தாய். மற்ற ஏழு பேரும் பெரும்பாலும் வேறு வேறு குடிக்காரர். அவர்களுடைய குடி உங்களிடம் வந்து சேர்வதில்லை. மனித உடலில் இதே பாதையில் நடக்கும் பொருள் ஒன்று உண்டு. கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணி தனக்கென்று ஒரு சிறிய டி.என்.ஏ. வளையம் வைத்திருக்கிறது, அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும், தந்தையுடையது கடத்தப்படுவதில்லை. வயிற்றுவார் என்று நம் பெரியவர்கள் சொன்ன அந்தத் தாய்க்கொடிக்கும் இழைமணி டி.என்.ஏ.க்கும் பாதை ஒன்றுதான். அதைப் பெயர் தெரியாமலே பல தலைமுறையாகக் கணக்கு வைத்திருந்தார்கள் என்று வகுப்பில் நான் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் தலசீமியா இழைமணியில் இல்லை. பீற்றா குளோபினுக்குரிய பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. அதில் ஒரு பிரதி தாயிடமிருந்தும் ஒரு பிரதி தந்தையிடமிருந்தும் வரும். அந்த எட்டுப் பேரில் எவரிடமிருந்தும் அது உங்களை வந்தடையலாம். குடி பார்க்காத ஏழு வாசல்களும் அதற்குத் திறந்தே கிடக்கின்றன. மச்சான் மச்சாளுக்கிடையே பரம்பரையலகுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். குடி வேறாக இருப்பதால் அந்தப் பங்கு குறைவதில்லை.

அதற்காகக் குடிமுறை ஒன்றையுமே தடுக்கவில்லை என்றும் சொல்லக்கூடாது. தமிழ்நாட்டின் சில பகுதிகளில் தாய்மாமன் தன் அக்காவின் மகளையே கட்டுவதுண்டு. அவர்களுக்குள் பொதுப்பங்கு நான்கில் ஒன்று. நம்மிடையே மாமனும் மருமகளும் ஒரே குடி என்பதால் அந்தக் கலியாணம் நினைத்தும் பார்க்க முடியாதது. தாயின் சகோதரியின் பிள்ளைகளும் விலக்கு. மாமன் பிள்ளையும் மாமி பிள்ளையும்தான் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். (இடையில் ஒன்று: இரத்தம் உறையாத நோயாகிய ஹீமோபீலியா பெரும்பாலும் தாய் மூலமாக மகனுக்கு வருவதால், அது மாமனிலும் மருமகனிலுமாக ஒரே குடிக்குள் தோன்றுவதுண்டு. குடியின் நினைவு அங்கே ஒரு வைத்தியருக்கு உண்மையாகவே உதவும்.)

சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகும் என்று பயமுறுத்துவோரையும் நான் ஏற்பதில்லை. முதல்நிலை மச்சான் மச்சாள் கலியாணத்தில், பிறவிக் குறைபாடு அல்லது பாரிய பரம்பரை நோய் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 முதல் 3 வீதம் கூடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். குடும்பத்தில் ஒரு காவி இருப்பது தெரிந்தபின் மட்டும் அந்தப் பொதுக்கணக்கை விட்டுவிட்டு, ஆய்வுகூடக்காரர் சொன்ன கணக்குக்கு மாற வேண்டும்.

வெதறோலைப் பற்றிக் கேட்டீர்கள். 1933இல் லிவர்பூலில் பிறந்தவர், 2018இல் காலமானார். கட்டாய இராணுவச் சேவைக்காக 1950களின் இறுதியில் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டபோது, சிறுவர் மருத்துவத்தில் அனுபவமே இல்லாத அவரைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பாக்கினார்கள். அங்கே நேபாளக் கூர்க்காச் சிப்பாய் ஒருவரின் பெண்குழந்தை இரத்தம் ஏற்றினால்தான் உயிர்தரிக்கும் நிலையில் கிடந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஓர் உயிரிரசாயனவியலாளரின் துணையுடன், வடிதாளில் மின்னைச் செலுத்தி ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்து, அது தலசீமியா என்று கண்டார். மத்தியதரைக் கடற்கரை மக்களின் நோய் என்று அன்று எண்ணப்பட்ட ஒன்று இமயமலைப் பிள்ளையிடம் இருந்தது. அந்தப் பிள்ளையிலிருந்துதான் அவருடைய வாழ்நாள் ஆய்வு முழுவதும் கிளைத்தது.

1965இல் அவரும் ஜோன் கிளெக் என்பவரும் செய்த வேலைதான் அத்திவாரம். ஹீமோகுளோபினில் அல்பாச் சங்கிலி இரண்டு, பீற்றாச் சங்கிலி இரண்டு. இளம் செங்குழியங்களுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோ அமிலத்தை ஊட்டி, எந்தச் சங்கிலி எவ்வளவு உண்டாகிறது என்று தனித்தனியே அளந்தார்கள். சுகமான ஒருவரில் இரண்டும் சமம். பீற்றா தலசீமியாவில் பீற்றா குறைவு. ஆகவே சோடி கிடைக்காத அல்பாச் சங்கிலிகள் எஞ்சி, குழியத்துக்குள்ளேயே படிந்து, என்பு மச்சையில் வளரும் பருவத்திலேயே அதைக் கொன்றுவிடுகின்றன. கேட்டைச் செய்வது பீற்றாவின் குறைவு மட்டும் அல்ல, அல்பாவின் மிச்சமும்தான். இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் இரண்டாம் கேள்வியின் பாதி அவிழ்ந்துவிடும். தற்செயலாக ஒருவருக்கு அல்பாப் பரம்பரையலகிலும் குறை இருந்தால், மிஞ்சும் அல்பாவும் குறையும். இரண்டு குறை சேர்ந்து நோய் இலேசாகிறது. கருப்பருவத்துக்குரிய ஹீமோகுளோபின் எஃப் வளர்ந்தபின்னும் ஓரளவு சுரந்துகொண்டிருந்தாலும் அப்படியே; அதன் காமாச் சங்கிலி, தனித்து நிற்கும் அல்பாவுக்குச் சோடியாகிவிடும்.

மீதிப் பாதிக்குத்தான் அவர் குருநாகலுக்கு வந்தார். இலங்கை மருத்துவர்களோடு சேர்ந்து 1990களில் தொடங்கிய அந்த வேலை, ஹீமோகுளோபின் ஈயும் பீற்றா தலசீமியாவும் ஒருவரில் சேரும் வகையைப் பற்றியது. ஹீமோகுளோபின் ஈ என்பது பீற்றாச் சங்கிலியின் 26ஆம் இடத்தில் குளூற்றமிக் அமிலத்துக்குப் பதில் லைசீன் வந்து அமர்ந்த விகாரம். இலங்கையில் எந்நேரமும் சிகிச்சை வேண்டி நிற்போர் 2000க்கு மேல் இருப்பர், அவர்களில் ஏறத்தாழ 40 வீதத்தினர் இந்தச் சேர்க்கை வகையினர் என்று 2000ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் அந்தக் குழு மதிப்பிட்டது. ஹீமோகுளோபின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் இருவரில் ஒருவர் பள்ளிக்கூடம் போய் விளையாடுவார், மற்றவர் சோர்ந்து கிடப்பார். சிறு வயதில் உடல் இரத்தச்சோகைக்குக் காட்டும் எதிர்வினை, அதாவது செங்குழிய உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயற்றின் என்ற ஓமோனின் சுரப்பு, மிக உயர்வாக இருந்து வயது ஏற ஏறத் தணிகிறது என்றும், மலேரியா, குறிப்பாக வைவக்ஸ் வகை, இந்த நோயாளிகளை அதிகம் தொட்டிருக்கிறது என்றும் கண்டார்கள். மலேரியாவைச் சொன்னால் நம் வயதினர் குயினைன் கசப்பை நினைப்போம். 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. காவிகளை மலேரியா எளிதில் கொல்லாததால்தான் இந்தப் பரம்பரையலகுகள் வெப்ப நாடுகளில் இவ்வளவு பரவின என்று பிரித்தானிய உயிரியலாளர் ஹோல்டேன் 1949இலேயே ஊகித்தார். கிழக்கின் காடும் குளமும் வயலும் நமக்கு விட்டுச்சென்றதில் இதுவும் ஒன்று.

நீங்கள் சொல்லும் அந்த அக்கா ஹீமோகுளோபின் ஈ சேர்ந்த வகையாக இருக்கலாம். பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது முறையல்ல.

மறுமொழி 3: ஒரு தாய், திருக்கோவில்

ஆசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். என் மகனுக்கு இப்போது பதினாறு வயது. பதினோராம் மாதத்தில் கண்டுபிடித்தார்கள். மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்றுகிறோம். விடியற்காலைப் பஸ்ஸில் போனால் பின்னேரம்தான் திரும்பலாம். மகனுக்குக் கொடுப்பதெல்லாம் ஊர் மக்கள் தானமாகத் தரும் இரத்தம் என்பதால், கோயில் திருவிழாவிலோ பள்ளிவாசலிலோ இரத்ததான முகாம் என்று அறிவித்தல் கேட்டால் எனக்குக் கண் கலங்கும்.

தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலரும் இரத்தம் ஏற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒரு பைந்து இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. உடலுக்கு அதை வெளியேற்ற வழியில்லை. அது ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படிகிறது. முன்பு மகன் தூங்கும்போது வயிற்றுத் தோலின் கீழ் மெல்லிய ஊசி குத்தி, தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பம்பியை வைத்து, இரவு முழுவதும் மருந்து ஏற்றுவேன். அவன் புரண்டு படுத்தால் ஊசி கழன்றுவிடும் என்று நான் பாதித் தூக்கத்தில் கையை அவன்மேல் வைத்தபடி இருப்பேன். காலையில் சிறுநீர் தேநீர்ச் சாயம்போல் சிவந்து போனால், இரும்பு வெளியேறுகிறது என்று மனம் ஆறும். இப்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் குளிசை வந்துவிட்டது.

என் கேள்வி வேறு. குருநாகல் ஆய்வில் சில பிள்ளைகளுக்கு இரத்தம் ஏற்றுவதை நிறுத்த முடிந்தது என்று கேள்விப்பட்டேன். என் மகனுக்கும் கேட்கலாமா?

மறுமொழி 4: ஆய்வுகூடக்காரன்

அம்மா, அந்த ஆய்வு ஹீமோகுளோபின் ஈ சேர்ந்த வகையினரைப் பற்றியது. அவர்களில் சிலருக்குத் தேவையில்லாமலே சிறுவயதில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள் என்பதால், வளர்ச்சியையும் மண்ணீரலையும் கவனித்துக்கொண்டு மருத்துவர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். மகனுடைய முதல் அறிக்கையை, இரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்ததை, தேடி எடுங்கள். ஏற்றியபின் எடுத்ததில் தானம் செய்தவரின் ஹீமோகுளோபினும் கலந்திருக்கும். அதில் ஈ என்ற சொல்லே இல்லையென்றால், இரு பிரதியும் பீற்றா தலசீமியா. பதினோராம் மாதத்திலேயே வெளிப்பட்டதைப் பார்த்தால் அதுவே என் ஊகமும். அப்படியானால் ஏற்றுவதை நிறுத்தும் பேச்சே வேண்டாம். கிளினிக்கில் கேளுங்கள், ஆனால் ஒரு தவணையையும் தவறவிடாதீர்கள்.

ஹீமோகுளோபின் எஃபை மறுபடி திறந்துவிடும் பரம்பரையலகுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023இல் பிரித்தானியாவில் அனுமதி கிடைத்தது. குழந்தைப்பருவத்துக்குப் பின் அதை மூடிவைக்கும் ஆளிபோல் வேலைசெய்யும் பி.சி.எல்.11ஏ என்ற பரம்பரையலகைத் தொட்டுச் செய்வது. விலை நம்மை அண்டவிடாது. ஆயினும் வழி இருக்கிறது என்பதை உங்கள் மகன் அறிந்திருக்கட்டும்.

மறுமொழி 5: களுவாஞ்சிகுடியான்

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமைக்குப் பின் எழுதுகிறேன். நான், அம்மா, அப்பா மூவரும் போய் இரத்தம் கொடுத்தோம். அம்மாவுக்கு எம்.சி.வி. 87, ஏ2 2.6. அப்பாவுக்கு 65, ஏ2 5.1. எனக்கு 66, ஏ2 5.0. ஆக, வந்தது அப்பா வழியில். மாமா வீட்டுக்கு இதில் சம்பந்தமில்லை என்று தெரிந்தும், நான் காவி என்பதால் மச்சாளும் தானாகவே போய்ப் பார்த்தாள். எல்லாம் சாதாரணம், ஹீமோகுளோபின் ஈயும் இல்லை. ஆவணி எழுத்தில் மாற்றமில்லை.

அம்மம்மாவுக்கு எட்டுப் பூட்டன் பூட்டியர் கணக்கை ஒரு கொப்பித் தாளில் வரைந்து காட்டினேன். தன் தாயின் பெயரை விரலால் தொட்டுக்கொண்டு நீண்டநேரம் பார்த்துவிட்டு, "அப்போ கொப்பாவின் ஆட்களையும் எழுது" என்றார். எழுதும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தங்கைக்கு அப்பாவின் அக்கா மகனைச் செய்வதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு இருக்கிறது. குடி வேறுதான். ஆனால் ஆய்வுகூடக்காரர் ஐயாவின் கணக்கைத் திருப்பிப் போட்டால், மாமிக்கு இரண்டில் ஒன்று, மச்சானுக்கு நான்கில் ஒன்று. தங்கை ஏற்கெனவே காவி.

மச்சான் கட்டாரில் வேலை செய்கிறார். விடயத்தை வட்ஸ்அப்பில் நானே விளக்கி எழுதினேன். இரண்டு நாள் மறுமொழி இல்லை. நேற்று இரவு ஒரு படம் அனுப்பியிருந்தார்: தன் பெயர் ஒட்டிய ஊதா மூடிக் குழாய். முடிவு வர ஒரு கிழமை ஆகுமாம்.